பதினோராம் மடைக்கு அப்பால்

மார்ச் 3

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம், என்னைத் தவிர. உடம்புக்கு ஒன்றுமில்லை. மூன்று வருடமாக விழுங்கி வைத்திருக்கும் ஒரு விஷயம் தொண்டைக்கும் நெஞ்சுக்கும் நடுவே நிற்கிறது. போனில் சொல்லத் தைரியம் வரவில்லை. ஆகவே கடிதம்.

நம் பிள்ளைகளின் கல்யாணப் பேச்சுக்காக உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோமே, அன்று பேச்சு எப்படியோ வாய்க்கால் பக்கம் திரும்பியது. நீங்கள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னீர்கள்: “அஞ்சு வருஷம் முன்னாடி ஒரு தொப்பிக்காரன் ஜீப்புல வந்து இந்த வாய்க்காலை வரைஞ்சு வெச்சுட்டுப் போனான். அவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா...” வாக்கியத்தை நீங்கள் முடிக்கவில்லை. நானும் முடித்து வைக்கவில்லை. “சில பேர் அப்படித்தாங்க” என்று தலையை ஆட்டிவிட்டு இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டேன்.

அந்தத் தொப்பிக்காரன் நான்தான்.

அப்போது எனக்கு மீசை உண்டு, வயிறு கிடையாது. அதனால் நீங்கள் அடையாளம் காணவில்லை. நானாவது சொல்லியிருக்கலாம். ஆனால் பெண்ணைப் பெற்றவன், பையனின் அம்மாவிடம் முதல் நாளே “உங்கள் வயல் காய்வதற்குக் காரணம் அடியேன்தான்” என்றா அறிமுகம் செய்துகொள்வான்?

பாதி சொல்லியாயிற்று, மீதியையும் கேட்டுவிடுங்கள். ஆற்றங்கரை பம்பிலிருந்து உங்கள் வயல் வரை, வயலுக்கு ஒரு திறப்பாக, மொத்தம் பதினெட்டு மடை. ஒவ்வொரு மடையிலும் நின்று, கருவி வைத்து, தரை எவ்வளவு மேடு, எவ்வளவு பள்ளம் என்று அளப்பதுதான் என் வேலை. பதினோராவது மடையில் என் செருப்பு அறுந்தது. வெயில். முள். ஜீப் பக்கத்திலேயே நின்றது. “இதுவரைக்கும் ஒரே சீராத்தானே இறங்குது, இனியும் அப்படித்தானே இறங்கும்” என்று ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, மீதி ஏழு மடையை மடியில் வைத்தே வரைந்தேன். உங்கள் வயல் பதினெட்டாவது.

இதை இப்போது ஏன் உளறுகிறேன் என்றால், அந்தத் திட்டம் ஏன் தோற்றது என்று அறிக்கை எழுதும் வேலையை அலுவலகம் என் தலையிலேயே கட்டியிருக்கிறது. “அந்த இடம் உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்” என்கிறார் மேலதிகாரி. ஏப்ரல் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். தவறு பயனாளிகளுடையது என்று எழுதினால் திட்டத்தை மூடி, பம்பைக் கழற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வடிவமைப்பில்தான் தவறு என்று எழுதினால் மறுபடி கட்டித் தருவார்கள். ஆனால் படிவத்தில் ‘வடிவமைத்தவர்’ என்று ஒரு கட்டமும் ‘விசாரித்தவர்’ என்று ஒரு கட்டமும் இருக்கின்றன. இரண்டிலும் ஒரே ஆள் என்றால் என் முகத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

‘பயனாளிகள் கருத்து’ என்ற இடத்தில் நான்கு வரி காலியாக இருக்கிறது. உங்கள் கருத்தைத் தயவுசெய்து எழுதுங்கள். முக்கியமாக, இதெல்லாம் என் மகளுக்குத் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
தொப்பிக்காரன்


மார்ச் 11

சம்பந்தி ஐயாவுக்கு,

கடிதம் வந்தது. என் மூக்குக் கண்ணாடி உடைந்திருப்பதால் உங்கள் மகள்தான் சத்தம் போட்டுப் படித்துக் காட்டினாள். ‘என் மகளுக்குத் தெரிய வேண்டாம்’ என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்திவிட்டு மேலே படித்தாள். இந்தக் கடிதத்தையும் நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். எழுத்து எங்கேயாவது கோணினால், சிரித்திருக்கிறாள் என்று அர்த்தம்.

நான்கு வரி போதாது. தாளின் பின்பக்கத்தையும் எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் கணக்கில் பம்பு இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுகிறது. அதை நம்பி வாய்க்காலை ஒடுக்கமாகக் கட்டிவிட்டீர்கள். ஓடட்டும். வயலில் நின்று பாய்ச்சுவது யார்? விடிவதற்கு முன்னும் இருட்டிய பிறகும் இங்கே ஒருவரும் வயலுக்குப் போவதில்லை. பாம்பு இருக்கிறது, வீட்டில் குழந்தைகள் இருக்கின்றன, தூக்கம் என்று ஒன்றும் இருக்கிறது. உங்கள் கணக்கில் நாங்கள் தூங்குவதில்லை. அதனால் பாதித் தண்ணீர்தான் பாய்கிறது. அந்தப் பாதியும் முன்னால் இருக்கிறவர்களுக்கே சரியாகப் போய்விடுகிறது.

அடுத்தது பூட்டு. பன்னிரண்டாவது மடையில் வாய்க்காலுக்குக் குறுக்கே இரும்பு ஷட்டர் வைத்தீர்கள். அதைத் தூக்கினால்தான் கடைமடை ஏழு பேருக்குத் தண்ணீர். அதன் சாவியை முதல் மடைக்காரரிடம் கொடுத்தீர்கள். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் சாவியைக் கேட்கப் போனால் ஒரு நாள் வீட்டில் இல்லை, ஒரு நாள் சட்டைப்பையில் இல்லை, ஒரு நாள் “இப்பதானே வாங்கிட்டுப் போனீங்க” என்கிறார். போன மாதம்தான் வாங்கியிருந்தேன்.

எட்டு வருடத்தில் என் வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் முழுசாக வந்தது இரண்டு தடவை. இரண்டு தடவையும் மழை பெய்துகொண்டிருந்தது.

செங்கல் சூளைக்காரர் மண்ணுக்காக என் வயலைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அடுத்த விதைப்புக்குத் தண்ணீர் வராவிட்டால் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன். தோண்டி எடுத்த பிறகு அது வயலாக இருக்காது. இதை உங்கள் நான்கு வரிக்குள் எப்படி அடக்குவீர்களோ, அது உங்கள் சாமர்த்தியம்.

சம்பந்தியம்மா

(அப்பா, மூன்று வருஷமா? அதுவும் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டே? — மகள்)


மார்ச் 19

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை வெட்கம், இரண்டாம் தடவை வருத்தம். மூன்றாம் தடவை, ஒளிப்பானேன், கொஞ்சம் கோபம்.

இருபத்து நான்கு மணி நேரம் என்பதை நான் வீட்டில் உட்கார்ந்து கற்பனை செய்யவில்லை. புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. பெரிய பம்பு கேட்டால் மேலே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சின்ன பம்பை நாள் முழுக்க ஓட்டுவதாகக் காட்டினால் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். நானும் காட்டினேன், அவர்களும் போட்டார்கள். தூங்காத விவசாயி காகிதத்தில் பிறந்தது அப்படித்தான்.

ஆனால் எல்லாப் பழியையும் நான் ஒருவனே சுமக்க வேண்டுமா? ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போன எங்கள் ஆள் எழுதிய குறிப்பு கோப்பில் இருக்கிறது. வாய்க்காலில் கோணிப்பை அடைத்திருக்கிறதாம். கரையை நான்கு இடத்தில் வெட்டியிருக்கிறார்களாம். அந்த ஷட்டரின் சக்கரத்தைக் கடப்பாரையால் அடித்து உடைத்து, வாய்க்காலிலேயே எறிந்திருக்கிறார்களாம். அந்தச் சக்கரத்தை வரைய எனக்கு இரண்டு நாள் ஆனது. பல்லெல்லாம் எண்ணி எண்ணி வரைந்தேன். இதற்கு என்ன பெயர்? எங்கள் பாஷையில் ‘பயனாளிகள் ஒத்துழைப்பின்மை’. இதுவரை பதினான்கு அறிக்கை எழுதியிருக்கிறேன், பதினான்கிலும் இந்தச் சொல் உண்டு. கை தானாகவே எழுதிவிடுகிறது.

மேலதிகாரியும் அதைத்தான் சொல்கிறார். “இதப் பாருங்க, ஒத்துழைப்பின்மைன்னு எழுதுங்க. யாருக்கும் நோகாது.”

“அங்க இருக்கறவங்களுக்கு நோகுமே சார்.”

“அவங்க நம்ம அறிக்கையைப் படிக்கவா போறாங்க?”

இன்னொன்றும் கேட்கிறேன். எட்டு வருடத்தில் உங்களில் ஒருவராவது எங்களுக்கு ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாமே?

கொஞ்சம் மனத்தாங்கலுடன்,
தொப்பிக்காரன்


ஏப்ரல் 2

சம்பந்தி ஐயாவுக்கு,

ஏழு கடிதம் போட்டோம். ஏழுக்கும் உங்கள் அலுவலக முத்திரை குத்திய நகல் எங்கள் விவசாயிகள் சங்கத்துப் பெட்டியில் இருக்கிறது. தேதிகளைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.

சக்கரத்தை உடைத்தது நான்.

ஆறு வருடம் முன்பு. பயிர் பால் பிடிக்கிற சமயம். அன்று அதிசயமாகச் சாவி கிடைத்தது. பூட்டைத் திறந்துவிட்டேன், சக்கரம் எனக்கு எட்டவில்லை. ஆறடி ஆள் நின்று சுற்றுகிற உயரத்தில் வைத்திருக்கிறீர்கள். வீட்டுக்குப் போய் முக்காலி எடுத்து வந்தேன். ஏறிச் சுற்றினேன். துருப்பிடித்த சக்கரம் சுற்றவில்லை, முக்காலிதான் சுற்றியது. இடது மணிக்கட்டு பிசகி ஒரு மாதம் கட்டுப் போட்டிருந்தேன். கட்டுப் போடுவதற்கு முன்னால், வலது கை நன்றாகத்தானே இருக்கிறது என்று கடப்பாரையைக் கொண்டுவந்தேன். சக்கரத்தை உடைத்து, ஷட்டரையும் நெம்பித் தூக்கினேன்.

அன்றைக்கு மட்டும் கால் நனைகிற அளவுக்குத் தண்ணீர் வந்தது. மறுநாள் மற்றவர்கள் ஷட்டருக்கு அடியில் நான் திறந்த வழியைக் கோணிப்பையால் அடைத்துவிட்டார்கள்.

ஆகவே ஒத்துழைப்பின்மை என்று தாராளமாக எழுதுங்கள். யாருடையது என்று கேட்டால் என் பெயரைப் போடுங்கள், உறவுமுறையையும் மறக்காமல் போடுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு உபகாரம். பதினோராவது மடையிலிருந்து என் வயல் வரைக்கும் ஒரு தடவை நடந்து பாருங்கள். சாப்பாடு நம் வீட்டில். நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

சம்பந்தியம்மா

(இதை அத்தை தானே எழுதினார்கள். புதுக் கண்ணாடி வந்துவிட்டது. நான் கீழே இந்த ஒரு வரிக்கு மட்டும் அனுமதி வாங்கினேன். — மகள்)


ஏப்ரல் 16

அன்புள்ள சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். முதுகு இன்னும் வந்து சேரவில்லை. பதிமூன்றாவது மடையில் நான் வாய்க்காலுக்குள் விழுந்ததை நீங்கள் யாரிடமும் சொல்ல மாட்டீர்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவரே “அடி பலமா சார்?” என்று கேட்டதும் அந்த நம்பிக்கையும் போயிற்று.

ஆனால் விழுந்ததில் ஒரு லாபம். கண் தரைக்குப் பக்கத்தில் இருந்ததால் ஒன்று தெரிந்தது. வாய்க்காலில் தேங்கிக் கிடந்த தண்ணீரில் ஒரு காய்ந்த இலை மிதந்தது. அது உங்கள் வயலைப் பார்த்துப் போகவில்லை. பம்பைப் பார்த்துத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. எழுந்து துடைத்துக்கொண்டு கருவி வைத்துப் பார்த்தேன். நான் ஜீப்பில் உட்கார்ந்து ‘ஒரே சீராக இறங்கும்’ என்று வரைந்த தரை, பன்னிரண்டுக்கு மேல் ஒரு சாண் ஏறுகிறது. தண்ணீரை மேட்டில் ஏறச் சொல்லிக் காகிதத்தில் உத்தரவு போட்டுவிட்டு, எட்டு வருடமாக அது கீழ்ப்படியவில்லை என்று உங்கள்மேல் கோபப்பட்டிருக்கிறேன்.

முதல் மடைக்காரர் என்னைத் தனியாக ஓரம் கட்டியது உங்களுக்குத் தெரியாது. கழுத்தில் தொங்கும் சாவியைக் காட்டினார். “சார், இந்தச் சனியனை நீங்களே வாங்கிட்டுப் போயிடுங்க. குடுத்தா எனக்குப் பின்னாடி இருக்கறவன் திட்டறான், குடுக்கலைன்னா அந்தம்மா பாக்கற பார்வையைத் தாங்க முடியல. இதுக்குப் பயந்து நான் கல்யாணம் காட்சிக்குக்கூடப் போறதில்ல.” எட்டு வருடமாக அவரை மோசக்காரர் என்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். பாவம், அவரும் என் வடிவமைப்பில் அடிபட்டவர்தான்.

ஏழு கடிதங்களும் கிடைத்தன. பத்திரமாக, தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தார்கள், ‘பாராட்டுக் கடிதங்கள்’ என்ற கோப்பில். எங்கள் அலுவலகத்தில் காலியாக இருந்த கோப்பு அது ஒன்றுதானாம்.

அறிக்கையை நேற்றுக் கொடுத்துவிட்டேன். ‘ஒத்துழைப்பின்மை’ என்று கை எழுதத்தான் எழுதியது. அடித்துவிட்டு, ‘வடிவமைப்புக் குறை’ என்று எழுதினேன். அதற்குக் கீழே, தரையை அளக்கவில்லை, நாள் முழுக்கப் பாய்ச்சுவார்கள் என்று எண்ணியது தவறு, சாவியும் சக்கரமும் தேவையே இல்லை என்று ஒவ்வொன்றாக எழுதினேன். மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: “உங்களுக்கு ரிட்டயர் ஆக எவ்வளவு நாள் இருக்கு?”

“ரெண்டு வருஷம் சார்.”

“அதுக்குள்ள உங்களுக்கு எதுக்குய்யா இந்த வேலை?”

“சம்பந்தி வீடு சார். எனக்கு வேற வழியில்ல.”

அவருக்கும் இரண்டு பெண்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டார்.

உங்கள்,
தொப்பிக்காரன்


மே 4

சம்பந்தி ஐயாவுக்கு,

மறுபடி கட்டித் தர உத்தரவு வந்திருக்கிறது. புது வரைபடமும் நீங்களே வரைவதாகத் தெரிகிறது. சங்கத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். “ஒரு தடவை கெடுத்தவனுக்கு எங்கெங்க கெடும்னு தெரியும்ல, அவனே வரையட்டும்” என்று நான் சொன்னேன். பாராட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். சாவி வேண்டாம். சக்கரம் வேண்டாம். யாரையும் போய்க் கேட்டு நிற்கும்படி இருக்கக் கூடாது. நான் தனியாகப் பகலில் போய், மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டினால் தண்ணீர் வயலுக்குள் வர வேண்டும்.

சூளைக்காரர் நேற்று வயலை அளக்க ஆள் அனுப்பினார். ஜூலை பத்து வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்கு மேல் விதைக்க முடியாது. அவரும் பொறுக்க மாட்டார். நானும் இன்னொரு தடவை அவரிடம் தவணை கேட்கப் போவதில்லை.

சம்பந்தியம்மா


ஜூன் 6

அன்புள்ள சம்பந்தியம்மா அவர்களுக்கு,

இத்துடன் வரைபடம். என் வாழ்க்கையில் வரைந்ததிலேயே சிறந்தது இதுதான். நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யாரும் சொல்லக் காணோம்.

வாய்க்காலின் தலைப்பில், மேட்டில் ஒரு பெரிய தொட்டி. நீங்கள் தூங்கும்போது பம்பு அதை நிரப்பும். காலையில் பம்பு ஓட்டுகிறவர் திறந்துவிட்டால் பகலெல்லாம் அங்கிருந்து பாயும். அதன் வாயில் ஒரு சிமெண்டுப் பெட்டி. பெட்டிக்கு இரண்டு வாய். இடது வாய் வழியாக முதல் பதினோரு மடைக்கும், வலது வாய் வழியாகப் புதுக் கிளையில் கடைமடை ஏழு பேருக்கும் போகும். வலது கிளைக்கு வேறு பாதை. அங்குலம் அங்குலமாக நடந்து, அளந்து, தரை இறங்குகிறது என்று பார்த்துத்தான் போட்டிருக்கிறேன், தரையில் சுண்ணாம்புக் கோடும் கிழித்துவிட்டேன். பெட்டியில் திறக்க மூட ஒன்றுமே கிடையாது, பகல் முழுக்க இரண்டு பக்கமும் ஓடும். முதல் மடைக்காரர் இனிக் கழுத்தில் எதையும் மாட்டிக்கொள்ளாமல் எந்தக் கல்யாணத்துக்கும் போகலாம்.

முக்கியமானது அந்த இரண்டு வாயின் அகலம். நிலப் பரப்பைக் கணக்கிட்டு, இடதுக்கு மூன்று சாண், வலதுக்கு இரண்டு சாண். இதில் ஒரு விரல்கூட மாறக் கூடாது. திட்டத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. நாலு ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு போட்ட கணக்கு. பார்த்தீர்களா, என்னையும் தூங்காதவனாக்கிவிட்டீர்கள்.

கட்டும்போது பக்கத்தில் நிற்க ஆசை. ஆனால் உண்மை பேசியதற்கான பரிசாக என்னைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். குழாய் எண்ணிக்கொண்டிருக்கிறேன். விடுப்பும் கிடையாது. கொத்தனாரிடம் வரைபடத்தை அப்படியே கொடுத்துவிடுங்கள். குழப்பமே வராதபடி தெளிவாக வரைந்திருக்கிறேன். இருந்தாலும் மனசு அடித்துக்கொள்கிறது. பத்தாம் தேதிக்கு முன்னால் ஒரு வரி போடுங்கள்.

குழாய்களுக்கு நடுவிலிருந்து,
தொப்பிக்காரன்


ஜூலை 12

சம்பந்தி ஐயாவுக்கு,

பத்தாம் தேதிக்கு முன்னால் எழுத நேரமில்லை. விதைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழாம் தேதி காலை தொட்டியைத் திறந்துவிட்டோம். நான் வயலில் மண்வெட்டியோடு நின்றிருந்தேன். முதலில் நுரை வந்தது, அப்புறம் சருகு வந்தது, அதன் பின்னால் தண்ணீர் வந்தது. மழை இல்லாத நாளில் என் வயலில் வாய்க்கால் தண்ணீரை முழுசாக முதல் தடவை பார்க்கிறேன். உங்கள் மகள் கரையில் நின்று சத்தம் போட்டாள். ஒரு வெட்டுத்தான் வெட்டினேன். மணிக்கட்டு வலிக்கவில்லை.

ஐந்து நாளாகத் தினமும் வருகிறது. கடைமடை ஏழு பேரும் விதைத்துவிட்டோம். சூளைக்காரரிடம் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். அவர் ஆள் அடித்துவிட்டுப் போன முளைக்குச்சிகளைப் பிடுங்கி அடுப்பில் வைத்தேன். சங்கத்தில் உங்களைக் கூப்பிட்டு மாலை போட வேண்டும் என்கிறார்கள். “அவர் போட்ட கணக்குல ஒரு விரல்கூடத் தப்பு இல்ல” என்று முதல் மடைக்காரர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் மறுக்கவில்லை.

ஒரே ஒரு விஷயம். வரைபடத்தை மெல்லிய தாளில் அனுப்பியிருந்தீர்கள். முன்பக்கம் பார்த்தாலும் பின்பக்கம் பார்த்தாலும் கோடு ஒரே மாதிரி தெரிகிறது. கொத்தனாருக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. “எழுத்தெல்லாம் திரும்பித் திரும்பி இருக்கே” என்று கேட்டாராம். “ஆபீஸ்காரங்க எழுத்து அப்படித்தான் இருக்கும், நீ கட்டுப்பா” என்று யாரோ சொல்லிவிட்டார்கள். இரண்டாம் நாளே நான் பார்த்துவிட்டேன், தாளைப் பின்பக்கம் திருப்பி வைத்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். நீங்கள் தரை இறங்குகிறதா என்று பார்த்துத்தான் வலது கிளைக்குப் பாதை போட்டீர்கள், அது என்ன மண் என்று பார்க்கவில்லை. அத்தனையும் மணல். வருகிற தண்ணீரில் பாதியை அதுவே குடித்துவிடும். இடது பக்கம் களிமண், சொட்டுக்கூட இறங்காது. அதனால் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். முதல் மடைக்காரரிடம் இப்போதும் கேட்டுப் பார்த்தேன், தங்கள் பக்கம் தாராளமாகப் போதும் என்கிறார்.

மூன்று சாண் வாய் எங்கள் பக்கம்தான் இருக்கிறது.

சம்பந்தியம்மா